ஒரு கிராமுக்கு ஒன்று புள்ளி ஒன்பது

“மூணு வருசமா அந்தப் பிள்ள கிழங்கத்தான் போட்டு அரைக்கி. அதைக் கசாயமா வச்சு ஊத்தியிருந்தா இந்தத் தெருவுக்கே கொழுப்பு கரைஞ்சிருக்கும்.”

“அவளுக்கு?”

“அவளுக்கு எங்க கரைய.”

இது என்னைப் பற்றிய பேச்சு, அக்கா. எங்கள் துறையில் தரை துடைக்கிற சொர்ணமும் தண்ணீர் கேன் கொண்டுவருகிற இன்னொருத்தியும் பேசிக்கொண்டார்கள். நான் மருந்துப் புட்டிகள் வைக்கிற அறைக்குள் நின்றிருந்தேன். கதவு பாதி சாத்தியிருந்தது. வெளியே வந்து என்ன பேச்சு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு போகும்வரை உள்ளேயே நின்றேன். எனக்கு வாய் கிடையாது. சின்ன வயதிலிருந்தே கிடையாது. பார்ப்பேன், கேட்பேன், மனதுக்குள் வைத்துக்கொள்வேன். இன்றைக்கு உங்களிடம் இவ்வளவு பேசுகிறேன் என்றால் உங்களை நான் மறுபடி பார்க்கப் போவதில்லை என்கிற தைரியம்தான்.

உட்காருங்கள். கரண்ட் வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகுமாம். உங்களுக்கு ஜெராக்ஸ்தானே? என்னுடையது பைண்டிங். ஆய்வேடு, ஐந்து பிரதி. ஐந்து மணிக்குள் எதிரே பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட்டால் அடுத்த வருஷம் என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடலாம். சொர்ணத்துக்கு அதெல்லாம் புரியாது. துடைப்பத்தைப் பிடிக்கிறவளிடம் நியாயம் கேட்க முடியுமா? ஆனால் மாரிக்கனி படித்தவள். எம்.எஸ்ஸி. அவள் எனக்குச் செய்ததைக் கேளுங்கள், பிறகு யாருக்குக் கொழுப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

தண்ணீர்விட்டான் கிழங்கு தெரியுமில்லையா? விரல் விரலாகக் கொத்தாக இருக்குமே, பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுப்பார்களே, அதுதான். அதில் ஸ்டீரால் என்று ஒரு பொருள் இருக்கிறது. நம் ரத்தத்துக் கொழுப்புக்குத் தம்பி மாதிரி, முகம் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். நாம் சாப்பிட்ட கொழுப்பு குடலில் இடம் தேடும்போது இது முந்திக்கொண்டு துண்டைப் போட்டு இடத்தைப் பிடித்துவிடும். கொழுப்பு நின்றுகொண்டே வந்து இறங்கிப் போய்விடும். அதனால் எந்த வேரில் ஸ்டீரால் அதிகமோ அந்த வேருக்கு மவுசு. அதை அளப்பதுதான் என் ஆராய்ச்சி.

அளப்பது பெரிய வித்தை இல்லை, ஆனால் கை வேண்டும். வேர்த்தூளிலிருந்து சத்தை இறக்கி, ஐஸில் வைத்து, ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதலில் ஊதா, பிறகு நீலம், பிறகு பச்சை. கறுப்புத் துணியால் மூடி, கணக்காகப் பதினைந்து நிமிஷம். பச்சை எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு சத்து. மெஷின் ஓர் எண் சொல்லும், அதை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் என்று தெரிந்துவிடும். அண்ணன் கொழுப்புக்கும் இதே பச்சைதான் வரும், தம்பி ஸ்டீராலுக்கும் இதே பச்சைதான். ஆனால் செடியில் ஏது கொழுப்பு? அது ஆடு மாடு மனுஷரிடம் இருப்பது. வேரில் பச்சை வந்தால் அது ஸ்டீராலைத் தவிர வேறு எதுவாகவும் இருக்க முடியாது. பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும்.

எனக்கு வழிகாட்டி எஸ்தர் தங்கபுஷ்பம் மேடம். பெரிய பெயர். ஆனால் ஆசிட் என்றால் பயம். ஆய்வகத்துக்குள் வரமாட்டார், வாசலில் நின்று சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். “செண்பகா, வேரை எங்கயாவது நல்ல இடமா பாத்து வாங்கிரு,” என்றார். அவ்வளவுதான் அவர் காட்டிய வழி.

நான் டவுனில் பூதலிங்கம் நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடை நிறையக் கூட்டம். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அவர், “உனக்கு என்ன தாயி?” என்றார். தண்ணீர்விட்டான் கிழங்கு இரண்டு கிலோ என்றேன். “ரெண்டு கிலோவா? எதுக்கு?” என்றார். கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆராய்ச்சிக்கு என்று சொன்னால் அடுத்து நூறு கேள்வி வரும். வீட்டுக்குத்தான் என்றேன்.

“வீட்டுக்குன்னா அந்த மூட்டையில கெடக்கது வேண்டாம். அது சும்மா வெயில்ல காஞ்சது, கம்பெனிக்குப் போறது. உனக்கு அவிச்சதே தாரேன். பால் ஊத்தி வேக வச்சு, உலத்தி, மறுபடி பால் ஊத்தி வேக வச்சு, மூணு மட்டம். அப்பதான் உடம்புக்குச் சேரும்.”

தலையாட்டினேன். பாலில் அவிப்பார்களாம், மூன்று தடவையாம், ஏன் நான்கு தடவை இல்லை என்று கேட்டால் முழிப்பார். இந்த மாதிரி ஆட்கள் சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதினால் ஆய்வேடு பஞ்சாங்கம் ஆகிவிடும். நான் எழுதவில்லை. ‘குற்றால மலைச்சரிவில் சேகரித்து, நன்னீரில் கழுவி, நிழலில் உலர்த்தப்பட்டது’ என்று எழுதினேன். எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள். எங்கள் நூலகத்தில் இருபது ஆய்வேடு எடுத்துப் பாருங்கள், இருபதிலும் நிழலில்தான் உலர்ந்திருக்கும்.

அந்தத் தூளை அளந்தபோது வந்ததுதான் ஒன்று புள்ளி ஒன்பது. ஒரு கிராமுக்கு ஒன்று புள்ளி ஒன்பது மில்லிகிராம். மற்றவர்கள் எழுதிய கட்டுரைகளில் இதில் பாதிகூடக் கிடையாது. படித்துப் பார்த்துச் சிரித்தேன். டெல்லி, புனே என்று பெரிய பெரிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு வேரை அளக்கத் தெரியவில்லை. மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. வாசலில் நின்றபடியே, “செண்பகா, இது ஒண்ணு போதும்டி நமக்கு,” என்றார். எங்கே போனாலும் என் எண்ணைச் சொன்னார். ஒரு மருந்து கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். என் ஆய்வேட்டில் ஆறு அத்தியாயம். ஆறும் அந்த எண்ணின் மேல்தான் நிற்கிறது. அதை உருவினால் மிச்சம் முன்னுரையும் நன்றியுரையும்தான்.

உங்கள் வீட்டுக்காரருக்கு ரத்தத்தில் கொழுப்பா? எத்தனை வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறார்? இல்லை இல்லை, அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். டாக்டரைக் கேளுங்கள். நான் அளக்கிறவள், சாப்பிடச் சொல்கிறவள் இல்லை. நானா? நான் எதற்கு அதைச் சாப்பிடப் போகிறேன்.

போன டிசம்பரில் மாரிக்கனி எம்.எஸ்ஸி. கடைசி வருஷப் புராஜெக்டுக்காக எங்கள் ஆய்வகத்தில் வந்து சேர்ந்தாள். சங்கரன்கோவில் பக்கம் ஏதோ ஊர். வீட்டில் நான்கு மாடு, அப்பா சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். அந்த வீட்டில் முதன்முதல் காலேஜ் வாசலை மிதித்தவள் அவள். அது பேச்சிலேயே தெரியும். முதல் நாள் மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்புத் தாங்கவில்லை. பால்பாயின்ட் பேனா பிடிக்காது, மை ஊற்றி எழுதுகிற பேனாதான் பிடிக்கும். எதற்கெடுத்தாலும் அக்கா, அக்கா. நான் அவளை வா போ என்றுகூடக் கூப்பிட்டதில்லை, விரலைக் காட்டுவேன், வருவாள்.

மேடம் அவளிடம், “செண்பகா எடுத்த ரீடிங்கையே நீயும் எடு. உன் புராஜெக்ட் அதுதான். ரெண்டு பேர் எடுத்தா எண்ணுக்கு ஒரு கெத்து,” என்றார். புதுக் கிழங்கு வேண்டுமே என்று மேடம் சொன்னதற்கு அவள், “எங்க தோட்டத்து வேலியிலயே கெடக்கு மேடம், தோண்டிக் கொண்டாரேன்,” என்றாள். கொண்டுவந்தாள். மொட்டைமாடியில் காயப்போட்டு, அரைத்து, அளந்தாள்.

பூஜ்யம் புள்ளி ஏழு.

மறுபடி அளக்கச் சொன்னார் மேடம். பூஜ்யம் புள்ளி ஏழு. ஐந்து தடவை அளந்தாள். ஐந்து தடவையும் அதைச் சுற்றியேதான் வந்தது. “உன் கை சரியில்ல,” என்றார் மேடம். “மாட்டுக்குப் புண்ணாக்கு அள்ளிப் போடுற மாதிரி அள்ளிப் போட்டா எப்படி வரும்? செண்பகா, நீ பக்கத்துல நின்னு பாரு.”

நின்று பார்த்தேன். ஒரு சொட்டுப் பிசகவில்லை அக்கா. எனக்குக்கூட ஆசிட் விடும்போது விரல் லேசாக நடுங்கும். அவளுக்கு நடுங்கவில்லை. காம்பிலிருந்து பால் பீய்ச்சுகிற விரல் போலிருக்கிறது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. மேடம் வாசலுக்கு வந்து, “எப்படிச் செய்றா?” என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நன்றாகச் செய்கிறாள் என்றும் சொல்லவில்லை, மோசம் என்றும் சொல்லவில்லை. ஒருத்தியைப் பற்றி முகத்துக்கு நேரே அபிப்பிராயம் சொல்வது எனக்கு வராது. மேடம் அவராகவே தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒருநாள் என் தூள் இருந்த புட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

“அக்கா, இதுல பால் கவிச்சி அடிக்கி.”

“உனக்கு எதிலதான் அடிக்காது?” என்றேன். அதுதான் நான் அவளிடம் பேசிய முதல் முழு வாக்கியம் என்று நினைக்கிறேன்.

அவள் சிரித்தாள். கோபப்பட்டிருந்தால்கூட மதித்திருப்பேன். “இல்லக்கா, பழைய பால். பாத்திரத்து ஓரத்துல காஞ்சு கெடக்குமே, அந்த வாடை,” என்றாள். புட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் கடைப் பெயரைப் பார்த்திருக்கிறாள். மறுநாள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பூதலிங்கம் கடைக்குப் போயிருக்கிறாள். போய், ஆராய்ச்சிக்கு என்று வாய்கூசாமல் சொல்லி, அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். சிலருக்கு யாரிடம் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்க முடிகிறது. வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே.

அதற்குப் பிறகு இரண்டு நாள் ஹாஸ்டல் அடுப்பில் தன் ஊர்க் கிழங்கைப் பாலில் அவித்தாள். மூன்று தடவை. ஹாஸ்டல் பிள்ளைகள் பாயசமா என்று கேட்டார்களாம். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டாள். மேஜையில் மூன்று குழாய் வைத்திருந்தாள். முதல் குழாயில் அவளுடைய வெறும் கிழங்கு, வெளுத்த பச்சை. இரண்டாவதில் அதே கிழங்கு, பாலில் அவித்தது. நல்ல அடர்ந்த பச்சை. என் பச்சை. மூன்றாவதும் பச்சையாகத்தான் இருந்தது.

“இது என்ன?” என்றேன்.

“வெறும் பால்க்கா. கிழங்கே போடல.”

குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

“மேடத்துக்கிட்ட நீங்களே சொல்லிருங்கக்கா,” என்றாள். “நீங்களே கண்டுபுடிச்ச மாதிரி சொல்லுங்க. நான் போய்ச் சொன்னா நல்லாயிருக்காது. பழைய கிழங்கை விட்டுட்டு நம்ம கிழங்கை வச்சு மறுபடி அளந்துருவோம். நானும் கூட நிக்கேன். ரெண்டு மாசத்துல முடிச்சிரலாம்.”

பார்த்தீர்களா? எனக்குப் பிச்சை போடுகிறாள். என் மூன்று வருஷத்தை இரண்டு மாதத்தில் முடித்துத் தருகிறாளாம், மாட்டுக்காரர் மகள். நான் சரி என்றேன். அப்போது வேறு என்ன சொல்ல முடியும்? மூன்று குழாயையும் நானே கழுவி வைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

மேடத்திடம் சொல்லத்தான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். திங்கட்கிழமை அவருக்குத் தலைவலி. செவ்வாய், புதன் மகள் நிச்சயதார்த்தத்துக்குச் சேலை எடுக்கப் போய்விட்டார். அப்புறம் கம்பெனிக்காரர்கள் போன் செய்தார்கள், அந்த நேரத்தில் போய் எப்படிச் சொல்வது? பெரிய மனுஷர்களிடம் பேச ஒரு சமயம் வாய்க்க வேண்டும். எனக்கு வாய்க்கவில்லை. இதற்கு நடுவில் நான் வேறு மாதிரியும் யோசித்துப் பார்த்தேன். பாலில் அவித்தால்தான் என்ன? ஜனங்கள் பாலில் அவித்ததைத்தானே சாப்பிடுகிறார்கள்? ஜனங்கள் சாப்பிடுவதைத்தான் நான் அளந்திருக்கிறேன். அதில் எது தப்பு? கொழுப்பைக் குறைக்கிற வேரில் கொஞ்சம் கொழுப்பும் இருந்துவிட்டுப் போகட்டுமே.

பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே மேடத்தின் அறைக்குப் போய்விட்டாள். நானும் ஒரு கையெழுத்துக்காக அங்கேதான் நின்றேன்.

“மேடம், அந்தப் பழைய கிழங்கைப் பத்தி ஒரு விசயம்,” என்று ஆரம்பித்தாள்.

“முதல்ல உன் கையைச் சரிபண்ணு, அப்புறம் கிழங்கைப் பத்திப் பேசலாம்,” என்றார் மேடம். பிறகு என்னைப் பார்த்தார். “என்ன செண்பகா, கிழங்குல ஏதும் பிரச்சினையா?”

மாரிக்கனியும் என்னைப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்ல மேடம்,” என்றேன்.

பொய் இல்லை அக்கா அது. யாராவது திடீரென்று கேட்டால் எனக்கு அந்த ஒரு பதில்தான் வரும். வீட்டிலும் அப்படித்தான். சாப்பிட்டாயா, உடம்புக்கு என்ன, ஏன் அழுகிறாய், எதற்கும் ஒன்றுமில்லைதான்.

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் பேசினார். அவளுக்குச் சென்னையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை சொல்லியிருந்தார்கள். ஜூன் முதல் தேதி சேர வேண்டும். புராஜெக்டில் மேடம் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்குப் பட்டம், பட்டம் இருந்தால்தான் வேலை. “உன் ரிப்போர்ட்ல பூஜ்யம் புள்ளி ஏழுன்னு போட்டுக்கிட்டு வந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஒரே லேப்ல இருந்து ரெண்டு எண் வெளிய போனா எனக்கு அசிங்கம். அடுத்த வருஷம் வந்து முதல்ல இருந்து செய்,” என்றார். அவள் வாயைத் திறந்தாள். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். “இல்ல, நியாயமா செய்வோம். செண்பகா, நீயே உன் கையால இவ கிழங்கை இவ முன்னாடி அளந்து காட்டு. நீ என்ன ரீடிங் சொல்றியோ அதை இவ எழுதட்டும். அதோட இந்தப் பேச்சு முடிஞ்சது.”

வெளியே வந்ததும் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “என்னிக்கு அளக்கலாம்க்கா?” என்றாள். தேர்வுக்குத் தேதி கேட்கிற மாதிரி.

மறுநாள் காலை பத்து மணிக்கு அளந்தேன். சொர்ணம் தரை துடைத்துவிட்டுப் போயிருந்தாள். வேறு யாரும் இல்லை. மாரிக்கனி தன் கிழங்குத் தூளை, பாலில் அவிக்காததை, ஒரு காகிதப் பொட்டலமாக என் முன்னால் வைத்துவிட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். நோட்டைத் திறந்தாள். கோடு போட்டாள். நான் எடை பார்த்தேன், சத்தை இறக்கினேன், ஐஸில் வைத்தேன். ஆசிட் விடும்போது என் விரல் நடுங்கியதை அவள் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். பார்த்தும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய அந்தப் பெருந்தன்மை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

துணியை மூடிவிட்டுப் பதினைந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். அவள் ஒரு தடவைதான் பேசினாள்.

“அக்கா, நீங்க எழுதுன்னு சொன்னா நான் பூஜ்யம் புள்ளி ஏழே எழுதுவேன். வேல போனாலும் சரி. நீங்க சொல்றதுதான்க்கா.”

என் தலையில் தூக்கி வைக்கிறாள், பார்த்தீர்களா? வேலை போனாலும் சரியாம். அப்படிச் சொல்லிவிட்டால் நான் உருகிவிட வேண்டும். இந்த மாதிரிப் பெண்களை எனக்குத் தெரியும். விட்டுக்கொடுத்தே ஜெயிக்கிறவர்கள்.

துணியை எடுத்தேன். வெளுத்த பச்சை. மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்திருக்கும். மெஷினில் வைத்தேன். வந்த எண்ணை வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். பூஜ்யம் புள்ளி ஏழு. கண்ணாடிக் குழாயைத் துடைத்து மறுபடி வைத்தேன். அதே எண். மேடத்தின் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டு வாசலில் நின்றது.

“என்ன செண்பகா, ரீடிங் வந்துட்டா?” என்றார்.

மாரிக்கனி பேனாவின் மூடியைக் கழற்றினாள். “சொல்லுங்கக்கா,” என்றாள்.

ஒன்று புள்ளி ஒன்பது என்றேன்.

வாசலில் மேடம், “நான் அப்பவே சொன்னேன்ல,” என்றபடி திரும்பிப் போனார்.

மாரிக்கனி அப்படியே எழுதினாள். ஒன்று, புள்ளி, ஒன்பது. தேதி போட்டாள், நேரம் போட்டாள். அதற்குக் கீழே ‘அளந்தவர்’ என்று எழுதி, என் பெயரை முதலெழுத்தோடு முழுசாக எழுதினாள். மை காயும்வரை ஊதினாள். பிறகு நோட்டை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனாவை வைத்தாள்.